இருவருக்கு இரவுச் சாப்பாடு

அன்றைக்குத் தன்னால் செய்து முடிக்கக்கூடிய வேலைகளை மட்டும்தான் அந்தத் தானியங்கி வீடு காலையில் வாய்விட்டுப் பட்டியலிடும். போன மாதம் ஒருநாள் 'செடிகளுக்குத் தண்ணீர்' அதில் இல்லை. மதியமே மோட்டார் புகைந்துவிட்டது.

இன்று கோமளா பட்டியலை இரண்டு முறை கேட்டாள். 'இருவருக்கு இரவுச் சாப்பாடு' என்பதற்குப் பதிலாக 'ஒருவருக்கு' என்றது வீடு. கணவன் தயாளன் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான்.

"சாவி என்கிட்ட இருக்கு. இன்னிக்கு நீங்க எங்கயும் போக வேணாம்."

"மோட்டார் போனதுலேர்ந்து உனக்குப் பட்டியல்னாலே பயம்," என்று சிரித்தான். "சரி, போகலை."

அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. பட்டியலை மறுபடி கேட்டாள். வீடு நிதானமாகச் சொன்னது: வீடு பெருக்குவது, துணி துவைப்பது, இருவருக்கு மதியச் சாப்பாடு.

அதோடு நிறுத்திக்கொண்டது.