ஃபுல் கவர்

"இவ கையில ஸ்டியரிங்கைக் கொடுத்தேன் பாருங்க, அதுதான் சார் நான் பண்ணின தப்பு."

கார்க்காரர் இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்ஷூரன்ஸ் சர்வேயர் ஒர்க்‌ஷாப் தரையில் மண்டிபோட்டு, நசுங்கின பம்பரைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். பானெட் மடங்கி நின்றது. ரேடியேட்டரிலிருந்து பச்சைத் தண்ணீர் சொட்டியது.

பழைய டயர்களை ஒட்டி கார்க்காரரின் மனைவி நின்றிருந்தாள். சின்ன உருவம். கையில் மாவுக்கட்டு, நெற்றியில் தையல். உட்கார அங்கே ஒரே ஒரு ஸ்டூல்தான் இருந்தது. அதன்மேல் கணவர் ஒரு காலைத் தூக்கி வைத்திருந்தார்.

"ஓரமா, அது பாட்டுக்கு நிக்கற மரம் சார். அதைப் போய் எவளாவது முட்டுவாளா? லைசென்ஸ்கூட நான் ஆளைப் பிடிச்சு வாங்கிக் கொடுத்ததுதான். விருந்துல ரெண்டு ரவுண்டு போட்டுட்டேன். சட்டத்தை மதிக்கிற ஆளாச்சே, சாவியை இவகிட்ட கொடுத்தேன். நல்லா வச்சு செஞ்சுட்டா."

தீக்குச்சியால் பல்லைக் குத்தி, வந்ததைச் சர்வேயரின் காலடியிலேயே துப்பினார். சர்வேயர் காலை இழுத்துக்கொண்டார். எழுந்து வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

பிரேக்கை மிதித்துப் பார்க்கக் கால் எட்டவில்லை. நுனி சீட்டுக்கு நகர்ந்து மிதித்தார். கிலோமீட்டரைக் குறித்தார். வெளியே திட்டு இன்னும் ஓயவில்லை. வேலையில் மனசு ஓடாமல் இறங்கிவிட்டார்.

"பாலிசி விஷயத்துல என்னை ஏமாத்த முடியாது சார்" என்று அந்த ஆள் பின்னாலேயே வந்தார். "கண்ணாடி, எஞ்சின், டயர், சாவி தொலைஞ்சாக்கூட கவர் இருக்கு. தேய்மானம்னு ஒரு பைசா கழிக்கக் கூடாது. அதுக்கும் தனியாக் கட்டியிருக்கேன். ஃபுல் கவர்."

சர்வேயர் பாலிசியைப் புரட்டினார். "வண்டியில வர்ற ஆளுங்களுக்கான கவர் மட்டும் எடுக்கலையே. இருக்கறதுலயே அதுக்குத்தான் பிரீமியம் கம்மி."

"ஏஜென்ட்டும் சொன்னான். வேஸ்ட்டுன்னு வேண்டாம்னுட்டேன். யார் வரப்போறா, வீட்டு ஆளுங்கதானே?"

மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அப்ப என் கைக்கு இதுல ஒண்ணும் வராதுங்களா?"

"உங்களுக்குன்னு எதுவும் எடுக்கலம்மா" என்றார் சர்வேயர் சங்கடமாக.

"கை தானா கூடிடும். பம்பர் கூடுமா?" தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார் கணவர்.

நசுங்கின வண்டிகள் சர்வேயருக்குப் பழகிப்போனவைதான். வண்டிக்குச் சொந்தக்காரர்கள்தான் இன்னும் பழகவில்லை. பேப்பரெல்லாம் சரியாக இருந்தது. லைசென்ஸும் இருந்தது. இந்த ஆளுக்கு முழுப் பணமும் தன் கையெழுத்தால்தான் போய்ச்சேரப்போகிறது என்று நினைக்கவே அவருக்கு வாயெல்லாம் கசந்தது. முடித்துக்கொண்டு கிளம்பினால் போதும் என்றிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு பாக்கி. ஓட்டினவங்க வாயால கேட்டுப் பதிவு பண்ணணும். யார் ஓட்டினாங்க, எப்படி ஆச்சுன்னு சொன்னாப் போதும்மா. பயப்பட ஒண்ணுமில்ல. பின்னால பொய்னு தெரிஞ்சா மட்டும் மொத்த கிளெய்மும் ரத்தாயிடும்."

"சொல்லுடி" என்றார் கணவர், ஸ்டூலிலிருந்து காலை எடுக்காமலே. "மரம் எங்க இருந்துச்சு, நீ எந்தப் பக்கம் பார்த்தேன்னு சாருக்குச் சொல்லு."

சர்வேயர் போனைத் தட்டி அவள் பக்கம் நீட்டினார். அவள் அதைப் பார்த்தபடி கேட்டாள்.

"மொத்தமும்னா, எல்லாமேவா சார்?"

"எல்லாமேதாம்மா. சல்லிக்காசு வராது."

அவள் மாவுக்கட்டுக் கையை மெதுவாக மார்போடு சேர்த்துக்கொண்டாள். கணவரின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு போனில் நன்றாகப் பதியட்டும் என்று குனிந்து, நிதானமாகச் சொன்னாள்.

"எனக்குக் கார் ஓட்டவே தெரியாது சார்."