ஞாயிற்றுக்கிழமை சுவிட்ச்

“சிக்னல்ல நிக்கும்போது உறுமக் கூடாது மாஸ்டர். அது ஒண்ணுதான் என் கண்டிஷன். மத்தபடி ஆயிரம் குதிரைசக்தி வேணும்.”

ஊரே மாஸ்டர் என்று கூப்பிடும் மெக்கானிக், கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். ரேஸ் கார் இன்ஜினைப் பிரித்து மேய்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எதிரே நின்றவர் மருந்துக்கடைக்காரர். டிராக் ரேஸ் என்கிற நேர்கோட்டுப் பந்தயத்தில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த மனிதர். பக்கத்தில் நின்றதோ அவர் வீட்டுக் கார். பின்சீட்டில் மளிகைப் பை இன்னும் கிடந்தது.

“இதையா? சார், அந்த அளவுக்கு ஏத்தினா வண்டி நின்ன இடத்துல குதிக்கும். டிராஃபிக்ல கொதிக்கும். க்ளட்ச் மிதிக்கத் தனியா ஒரு ஆள் வைக்கணும். ரேஸுக்குன்னு வேற வண்டி வாங்கிக்கோங்களேன்.”

“வேற வண்டி வந்தா வீட்டுல தெரிஞ்சிடுமே. இதுல தினமும் ஸ்கூலுக்குப் போறது என் வீட்டம்மா. அவளுக்குச் சந்தேகமே வரக் கூடாது.”

மாஸ்டருக்கு விஷயம் விளங்கிவிட்டது. சில வருஷங்களுக்கு முன் பந்தயத்தில் கார் உருண்டு, இடுப்பெலும்பு நொறுங்கி இவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மனைவி டீச்சரம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சத்தியம் வாங்கியிருந்தார். இனி ரேஸ் என்ற பேச்சே கூடாது, மீறினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று. சொன்னால் செய்கிற ஆள்தான் அந்த அம்மா.

“அவ போயிட்டா நான் செத்தேன் மாஸ்டர். ஆனா வண்டி ஓட்டாம இப்பவும் பாதி உசிரோடதான் நடமாடுறேன்.” மாஸ்டருக்குப் பாவமாக இருந்தது. இந்தப் பாவம் பார்க்கிற புத்திதான் அவரை எப்போதும் வம்பில் மாட்டிவிடும். இப்போதும் மாட்டிவிட்டது.

கியர்பாக்ஸ் போய்விட்டதென்று டீச்சரிடம் ஒரு பொய் சொல்லி, காரை ஷெட்டுக்குள் இழுத்துப் போட்டார்கள். வேலை இழு இழு என்று இழுத்தது. டீச்சர், பாவம், அத்தனை நாளும் பஸ்ஸில் போனார்.

இரண்டு டர்போ, வலுவான பிஸ்டன், பெரிய ரேடியேட்டர் எல்லாம் உள்ளே போயின. டேஷ்போர்டுக்கு அடியில், ஒரு மூடிக்குப் பின்னால், சின்னதாக ஒரு சுவிட்சை ஒளித்து வைத்தார் மாஸ்டர். அதைப் போடாதவரை அது சாதுவான வீட்டுக் கார். ஏசி ஜில்லென்று குளிரும், சைலன்சர் முணுமுணுக்கும். போட்டுவிட்டாலோ, பூட்டிவைத்த பலம் மொத்தமும் அவிழ்ந்துகொள்ளும். கடைசியில் இன்ஜினை ஓடவிட்டு, பானெட்மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பார்த்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

ஞாயிறானால் “நண்பனைப் பார்த்துட்டு வரேன்” என்று கிளம்பும் மருந்துக்கடைக்காரர், ரேஸ் மைதானத்தில் ஆசை தீர ஓட்டிவிட்டு, முகமெல்லாம் பல்லாகத் திரும்புவார். ஒரே ஒரு குறைதான் சொன்னார்.

“பின் டயர் இவ்வளவு சீக்கிரமாவா தேயும் மாஸ்டர்? நான் ரெண்டு ஓட்டத்துக்கு மேல ஓட்டுறதே இல்லையே.”

“அவ்வளவு பலம் சார். டயர் என்ன பண்ணும்?” என்று சமாளித்தார் மாஸ்டர். உண்மையில் அவருக்கும் புரியவில்லை.

ஒரு நாள் மதியம் அதே கார் சத்தமில்லாமல் ஷெட்டுக்குள் நுழைந்தது. ஸ்டீயரிங்கில் டீச்சர். மாஸ்டர் அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“வாங்க டீச்சர். சார் வரலையா?”

“கடையில இருக்கார். நான் வந்தது அவருக்குத் தெரியாது.” டீச்சர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இந்த வண்டியில என்ன பண்ணி வச்சிருக்கீங்க?”

“கியர்பாக்ஸ்தான் டீச்சர்... புதுசா...”

“என் கிளாஸ்ல வீட்டுப்பாடம் எழுதாத வாண்டுங்க இதைவிட நல்லா பொய் சொல்லும் மாஸ்டர்.”

மாஸ்டர் குனிந்து, ஏற்கெனவே துடைத்த ஸ்பானரை மறுபடி துடைத்தார்.

“கீழ விழுந்த பேனாவை எடுக்கக் குனிஞ்சப்போ மூடி கழண்டு கையோட வந்துடுச்சு. உள்ள சுவிட்ச். என்னன்னு போட்டுப் பார்த்தேன். ரோடு காலியா இருந்துச்சு, லேசாத்தான் மிதிச்சேன். முதுகு சீட்டோட ஒட்டிக்கிச்சு.” டீச்சர் கண்ணை மூடித் திறந்தார். “ஓரங்கட்டி உக்காந்து அழுதேன். சத்தியம் பண்ணிட்டு இப்படி ஏமாத்திட்டாரேன்னு.”

“டீச்சர், என்னை வேணா நாலு அறை அறைங்க. அவரை விட்டுட்டுப் போயிடாதீங்க. அந்த மனுஷன் தாங்க மாட்டார்.” தான் மாட்டிய இன்ஜினால் ஒரு குடும்பம் பிரிந்துபோகப் போகிறதே என்று மாஸ்டர் பதறினார்.

“யார் போறதாச் சொன்னது? நீங்க அவர்கிட்ட வாயே திறக்கக் கூடாது, அதைச் சொல்லத்தான் வந்தேன். எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா, வெக்கப்பட்டு, மன்னிப்புக் கேட்டு, அன்னிக்கே வண்டியை வித்துடுவார்.”

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. “அவர் சந்தோஷத்துக்காக எல்லாத்தையும் மனசுல போட்டுப் புதைச்சுக்கிட்டீங்களே. பெரிய மனசு டீச்சர் உங்களுக்கு.”

“பெரிய மனசாவது மண்ணாவது,” என்றார் டீச்சர். “அவர் வித்துட்டா, புதன்கிழமை ஸ்கூல் விட்டதும் நான் எதை எடுத்துக்கிட்டு ரேஸ் மைதானத்துக்குப் போறது?”