பன்னிரண்டு சிவப்பு

சாப்பாட்டு நேரமே வீண் என்று அந்த இறால் ஆலை முடிவு செய்துவிட்டது. வேலைக்குச் சேருகிற எல்லோர் வயிற்றிலும் கடுகளவு கருவி ஒன்றை வைத்தார்கள். வேலை முடியும்வரை அது அமிலத்தைத் தணித்து வைக்கும். அமிலம் தணிந்தால் செரிமான நொதியின் மின்னூட்டம் மாறிவிடும். நொதி சும்மா கிடக்கும், பசியும் எடுக்காது.

ஒரு மணிக்கு மரியபுஷ்பம் கையுறையைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். வயிற்றில் அமிலம் ஏறட்டும் என்று சட்டியிலிருந்த கெட்டிப் புளிக்கரைசலில் ஒரு மடக்கு குடித்துவிட்டு, சோற்றில் அவித்த முட்டையைப் பிட்டுப் போட்டாள்.

மேற்பார்வையாளர் ஜெபராஜ் கையில் கருவிகளைக் கண்காணிக்கும் திரையோடு ஓடிவந்தான்.

"என்னக்கா, உங்க பேரு மட்டும் செவப்பா காட்டுது? நொதி வேலை செய்யுதாம். கருவி கெட்டுப்போச்சா?"

"கருவி நல்லாத்தான் இருக்கு. எனக்குப் பசிக்குது."

"ஒருத்தருக்காக வேலைய நிறுத்த முடியாதுக்கா. எந்திரிங்க."

அவள் எழவில்லை. புளிச்சட்டியைப் பக்கத்தில் நின்றவளிடம் நீட்டினாள். அது கைமாறிக் கைமாறி வரிசையின் கடைசிவரை போனது. திரையில் அந்த வரிசையின் பன்னிரண்டு பெயர்களும் சிவந்தன. எல்லோரும் மேசைக்கடியில் ஒளித்து வைத்திருந்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

காலியாகாமல் திரும்பி வந்த சட்டியை மரியபுஷ்பம் ஜெபராஜின் பக்கம் தள்ளினாள்.

"ஒன் வயித்துலயும் அந்தக் கருவியத்தான வச்சிருக்காங்க. குடிச்சிட்டு உக்காரு தம்பி."