தட்டுக்கு ரெண்டு ஸ்பூன்

மறுபடியும் தட்டுக்கு ரெண்டு ஸ்பூன். பூர்ணிமாவுக்குப் பத்திக்கொண்டு வந்தது.

ஒரகடம் பக்கத்து கம்பெனி ஒன்றில் ஆண்டு விழா. ஷிஃப்ட்டுக்கு வருகிற அத்தனை பேருக்கும் ஓர் இனிப்பு கொடுக்க வேண்டும். "நாம முடிவு பண்ண வேணாம். லைன்ல வேலை பார்க்கிற பொண்ணுங்களே சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லட்டும்" என்று மேனேஜர் விமல்ராஜ் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு ஏசி ரூமுக்குள் போய்விட்டார். மீதி எல்லாம் ஹெச்.ஆர். அசிஸ்டென்ட் பூர்ணிமா தலையில்.

சுற்றுவட்டாரத்திலிருந்து மூன்று பேக்கரிக்காரர்கள் வந்திருந்தார்கள். பென்னலூர்க்காரர் தேன் கேக், வல்லக்கோட்டைக்காரர் பிளம் கேக், சிங்கப்பெருமாள் கோவில்காரர் கேரமல் புட்டிங்.

ட்ரெய்னிங் ஹாலில் ஒரு நீள மேஜை, கடைக்கு ஒன்றாக மூன்று தட்டு, ஆறு நாற்காலி. லைனிலிருந்து ஆறு ஆறு பேராக வர வேண்டியது, சாப்பிட வேண்டியது, பிடித்த தட்டில் ஸ்பூனை வைத்துவிட்டுப் போக வேண்டியது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

முதலில் வந்த ஆறு பேர் தட்டுக்கு ரெண்டு ஸ்பூன் வைத்தார்கள், மூன்று கடையும் சமம். சரி, போகட்டும் என்று அடுத்த ஆறு பேரைக் கூப்பிட்டாள். அதுவும் தட்டுக்கு ரெண்டு. இப்போது மூன்றாவது கும்பலும் அதே லட்சணம்.

சாப்பிடுகிற அழகாவது உருப்படியா என்றால் அதுவும் இல்லை. துணுக்கு கேக்கை வாயில் போட்டுக்கொண்டு, நகைக்கடையில் வளையல் பார்க்கிற மாதிரி இதைப் பார்ப்பதும் அதைப் பார்ப்பதும். காலையிலிருந்து ஓடி ஓடி பூர்ணிமாவுக்குக் குதிகால் விண்விண்ணென்று தெறித்தது. இருந்த நாற்காலியும் இவர்களுக்கே போய்விட்டது.

ஸ்டாஃப் பஸ்ஸை விட்டால் ஷேர் ஆட்டோவில் இடிபட்டு ஸ்டேஷன் போய், ரயிலுக்கு நின்று, வீடு போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விடும். பஸ் கிளம்புவதற்குள் ஒரு கடையின் பெயரைச் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பென்னலூர் பேக்கரி முதலாளி சின்னப்பையன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "இன்னாம்மா இது, முடிவே ஆவ மாட்டேங்குது. எதுனா பேசி வெச்சிகினு வருதுங்களா?"

அப்போதுதான் அவளுக்கும் உறைத்தது. முடிவாகாத வரைக்கும் கூட்டாளிகள் எல்லாருக்கும் ஓசியில் ஒரு வாய் கேக் கிடைக்கும். அதற்குத்தான் இந்த நாடகமா?

"யாரு இங்க சீனியர்?"

ஓரத்து நாற்காலியில் இருந்த பெண் கையைத் தூக்கினாள். இசக்கிசெல்வி என்று அடையாள அட்டை சொன்னது.

கோபம் வந்தால் பூர்ணிமாவுக்கு வீட்டுப் பேச்சு வந்துவிடும். "எழுந்து நின்னு பேச மாட்டியா? இன்னா நெனச்சிகினு கீறீங்க எல்லாரும்?"

"மன்னிச்சிருங்க மேடம்." மேஜையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள்.

"பேசி வெச்சிகினு தான வர்றீங்க? ஒரு துண்டு கேக்குக்கா இப்படி அலையிறது? கேட்டிருந்தா நானே வாங்கித் தந்திருப்பேனே."

"பேசி வச்சதுதான் மேடம். ஆனா கேக்குக்கு இல்ல."

"பின்ன எதுக்கு?"

இசக்கிசெல்வி தலை குனிந்தாள். அவள் பார்வை போன இடத்தைப் பூர்ணிமாவும் பார்த்தாள். மேஜைக்கடியில் சேஃப்டி ஷூக்கள் கழற்றிக் கிடந்தன. அத்தனை பேர் காலும் வீங்கியிருந்தது. தட்டுகளில் கேக் ஓரத்தில் மட்டும்தான் குறைந்திருந்தது. கடைசி நாற்காலிப் பெண் கன்னத்தில் கையை வைத்தபடியே தூங்கிப்போயிருந்தாள்.

"லைன்ல ஷிஃப்ட் பூரா நின்னுக்கிட்டேதான் மேடம் வேலை. இங்க வந்தா நாற்காலி கெடக்கு. ஒரு கடை ஜெயிச்சிட்டுன்னா, பொறவு எங்கள எதுக்குக் கூப்பிடப் போறீய? பின்னால நிக்கியவளுவளும் செத்த நேரம் உக்காரட்டும்னுதான் ஸ்பூனைப் பிரிச்சி வச்சோம்." புட்டிங் தட்டைப் பார்த்துவிட்டு, "எனக்குப் புட்டிங்தான் மேடம் பிடிச்சிருந்துச்சி. ஆனா பிளம் கேக் பங்குதான் எனக்கு வந்துச்சி" என்றாள்.

பூர்ணிமாவுக்குச் சுருக்கென்றது. எழுந்து நின்னு பேசு என்று வேறு சொல்லித் தொலைத்தோமே என்றிருந்தது.

"நீ உக்காரு முதல்ல" என்றாள்.

செல்போன் அடித்தது. மேனேஜர்.

"என்ன பூர்ணிமா, முடிஞ்சுதா? ஸ்டாஃப் பஸ் கெளம்புது பாரு. எந்தக் கடையா இருந்தா என்ன, நீயே ஒண்ணைச் சொல்லிட்டுக் கெளம்பு."

ஒரு பெயர் சொன்னால் போதும். ஜன்னல் வழியே பஸ் தெரிந்தது, ஏறி உட்கார்ந்தால் வீடு. கெஞ்சாத குறையாகக் கால் அவளை அங்கேதான் இழுத்தது.

சின்னப்பையன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்டர் அவருக்கும் வேண்டும்தான். ஆனால் கத்தியை எடுத்து, மிச்சமிருந்த தேன் கேக்கை இன்னும் சின்னச் சின்னத் துண்டாக வெட்ட ஆரம்பித்தார்.

"இன்னும் முடிவாகல சார்" என்றாள் பூர்ணிமா. "லைன்ல மீதி இருக்கிறவங்களும் சாப்பிட்டுப் பார்க்கணும்."

"அத்தனை பேருமா? கேக் பத்துமா?"

வெளியே பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டது.

"கேக் பத்தும் சார். நாற்காலிதான் பத்தல. உங்க ரூம்ல சும்மா கெடக்கிறதை அனுப்பி வைங்க."