மூன்றாம் மாடிக்குப் போன இடுப்பு வலி

"ஸ்வல்ப சைடு விடுங்கப்பா, இடுப்பு வலி!" என்று கத்திக்கொண்டே ஆஸ்பத்திரி ஆயா ரத்தினம்மாள் என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளினாள்.

இடுப்பு வலிதான். பொய்யில்லை.

சற்று முன்புதான் எலும்பு டாக்டர் என்னைப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பினார். தொடை இடுக்கில் உயிர் போனது. இடுப்பு மூட்டு தேய்ந்திருக்கும்போல, நடக்காமல் போய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார். என் வீட்டுக்காரர் டென்சில் அதற்குச் சீட்டு வாங்கப் போனார்.

ரத்தினம்மாள் வேலைக்குப் புதிது. என்ன செய்கிறது என்று கேட்டாள். இடுப்பு வலி என்றேன். காலை மடக்கிச் சுடிதார் போட முடியாமல் தொளதொள நைட்டியில் வந்திருந்தேன். என் தொப்பையோ எங்கள் லிங்கராஜபுரம் ஏரியாவுக்கே தெரிந்த விஷயம். போதாதா?

எக்ஸ்ரே கீழே. லிஃப்ட் மேலே போனது.

கதவு திறந்தால் பிரசவ வார்டு. அட கடவுளே, இதென்ன கூத்து! சிரிப்பு வந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் எல்லோரும் எழுந்து எனக்கு வழிவிட்டார்கள். யாரோ ஓர் அம்மா என் தலையைத் தடவி, ஒண்ணும் ஆகாது கண்ணு என்றார்.

கல்யாணமாகிப் பதினாறு வருஷம். ஒருவரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

நர்ஸ் லீனா என்னைக் கட்டிலில் ஏற்றி, முதல் குழந்தையா என்று கேட்டாள். தலையாட்டினேன். இன்னும் ஒரே ஒரு நிமிஷம் அங்கே படுத்திருக்க அவ்வளவு ஆசையாக இருந்தது.

டென்சில் மூச்சிரைக்க வந்து நின்றார், கையில் எக்ஸ்ரே சீட்டு. போச்சு, போட்டு உடைத்துவிடுவார். பிள்ளை இல்லாததை ஒரு குறையாகவே நினைக்காத மனுஷன். நான் அழும்போதெல்லாம், நமக்கு நாமே போதும் யூனிஸ் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

லீனா அவரைச் சீண்டினாள். "என்ன சார், பையனா பொண்ணா, எது வேணும்?"

அவர் என்னைப் பார்த்தார். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"பொண்ணுதான் சிஸ்டர். பேருகூட எப்பவோ வெச்சிட்டேன்."

என்ன பேர் என்று லீனா என்னைக் கேட்டாள்.

எனக்குத் தெரியாது.