முன்வரிசை நாற்காலி

‘சல்லடை’ என்ற புனைபெயரில் விமர்சகர் எழுதும் ஒரு வரிக்கு விலை ஆயிரம் பிரதி. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அவர் ‘படிக்கலாம்’ என்று ஒரு வார்த்தை போட்டால் திங்கள் மாலைக்குள் கடைகளில் புத்தகம் தீர்ந்துவிடும். போடாவிட்டால் கட்டுப் பிரிக்காமல் பரணேறும். அந்த முகத்தை மட்டும் யாரும் பார்த்ததில்லை.

அப்பேர்ப்பட்டவர் இன்று புத்தக வெளியீட்டுக்கு வருகிறாராம். ‘முன்வரிசையில் ஓர் இடம் வையுங்கள்’ என்று பத்திரிகையிலிருந்து போன். பதிப்பாளர் முன்வரிசையில் நடு நாற்காலியை ஒதுக்கிவைத்தார். கவிஞன் அவர் மனைவியின் தம்பி. இந்தப் புத்தகமும் தூங்கினால் பதிப்பகத்தை மூடிவிடுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தார்.

“மாமா, அந்தாளுதான்!” கிசுகிசுத்தான் கவிஞன்.

வாசலில் ஒருவர் காதிலிருந்து பேனாவை உருவி, வரிசை வரிசையாக நோட்டம் விட்டு, உதடசைய எதையோ குறித்துக்கொண்டிருந்தார்.

ஒதுக்கிவைத்த நாற்காலியிலோ யாரோ ஓர் அம்மாள். பதிப்பாளர் குனிந்தார். “கொஞ்சம் எந்திரிங்கம்மா. பெரியவங்க வந்திருக்காங்க.”

அந்த அம்மாள் மறுபேச்சில்லாமல் எழுந்துபோய்ச் சுவரோரம் நின்று, கையிலிருந்த புத்தகத்தைப் பிரித்தார்.

“எனக்கெதுக்குங்க இதெல்லாம்?” என்றார் பேனாக்காரர்.

“உங்களுக்கில்லாமலா!” தோளை அழுத்தி உட்காரவைத்தார் பதிப்பாளர்.

கவிஞன் வாசித்தான். மூன்றாவது கவிதையின்போது பின்வரிசையில் ஒருவன் நாற்காலியைச் சாய்த்து ஆட, பேனாக்காரர் திரும்பி முறைத்தார். அது கவிதைக்கு விழுந்த முறைப்பாகவே பதிப்பாளருக்குப் பட்டது. அடுத்து அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போச்சு!

‘சுருக்கு மாப்ள’ என்று பதிப்பாளர் கை காட்டினார். தொகுப்புக்கே உயிரான கடைசிக் கவிதையை விழுங்கிவிட்டு மேடையிறங்கினான் கவிஞன்.

கூட்டம் கலைந்தது. சுவரோரத்து அம்மாள் வந்தார். “கடைசிக் கவிதைய ஏன்ப்பா விட்டுட்டே? அத உன் வாயால கேக்கத்தான் வந்தேன்.”

“அப்புறம் பேசலாம்மா. முக்கியமானவர் காத்திருக்காரு,” என்று குறுக்கே பாய்ந்தார் பதிப்பாளர்.

“அதுக்கென்ன, ஞாயித்துக்கிழமை பேசிக்கலாம்.” அந்த அம்மாள் சிரித்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

பேனாக்காரர் இன்னும் கூடத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தார் பதிப்பாளர். “ஐயா, மறைக்காம சொல்லிடுங்க. தேறுமா?”

அவர் தாளை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேனாவைக் காதில் சொருகினார்.

“தேறும்ங்க. நாப்பது நாற்காலி வாடகைக்கு அனுப்பினேன், முப்பத்தொம்பது அடுக்கியாச்சு. நீங்க எந்திரிச்சா என் கணக்கு நேர். அந்தம்மாவத்தான் வீணா நிக்க வெச்சுட்டீங்க.”