நாதம் மாறிய கிடார்

“இது என் கிடார் இல்ல.”

ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருப்பதையே லிஃப்ட் மெக்கானிக் மறுபடியும் சொன்னார். மேஜைமேல் கிடாரை வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார். ரிப்பேர்க்காரர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. விரல்களில் ஒட்டியிருந்த பாலிஷைத் துணியால் துடைத்தபடி நின்றார்.

“கழுத்து விலகியிருக்குன்னு குடுத்து விட்டேன். நீங்க கிடாரையே மாத்திட்டீங்க. பழைய கீறல் ஒண்ணுகூட இதுல காணோம்.”

“பாலிஷ் போட்டா கீறல் போயிடும்.”

“நாதமும் போயிடுமா?”

மெக்கானிக்கின் காதைப் பற்றி அங்கே யாருக்கும் சந்தேகமில்லை. பத்து மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் நின்றபடியே, மேலே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுகிற மனிதர் அவர்.

“நான் உங்களுக்கு துரோகம் பண்ணல. அதுக்கு மேல எதுவும் கேக்காதீங்க” என்றார் ரிப்பேர்க்காரர்.

சனிக்கிழமை சாயங்காலமானால் கிடார் பைத்தியங்கள் ஐந்தாறு பேர் அந்தக் கடையில்தான் கூடுவார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் மெக்கானிக்கின் கிடாரில் பொறித்திருந்த அந்தப் பேர்பெற்ற கம்பெனியில் வந்துதான் நிற்கும். “மரத்துக்குப் பாதி விலை, பேருக்குப் பாதி விலை. நம்ம காசுலதான் ஊர் பூரா போஸ்டர் ஒட்டறான்” என்பார் மருந்துக்கடைக்காரர். “முன்ன மாதிரி இப்ப எங்க பண்றான்?” என்று ஒத்து ஊதுவார் தபால்காரர்.

மெக்கானிக் வாதாட மாட்டார். தன் கிடாரை எடுத்து, தடித்த தந்தியை ஒரே ஒரு முறை மீட்டுவார். அந்த நாதம் கடையைச் சுற்றி வந்து அடங்கும்வரை ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். “சொல்லுங்க, இது விளம்பரமா?” என்று கேட்டுவிட்டு அதை உறைக்குள் வைத்துவிடுவார்.

அதைக் கேட்டுக் கேட்டே மருந்துக்கடைக்காரரும் தபால்காரரும் மனசு மாறினார்கள். கம்பெனி ஷோரூமுக்கே போய் அதே மாடலை ஆளுக்கு ஒன்று வாங்கினார்கள். என்ன செய்தும் இரண்டிலும் அந்த நாதம் வரவில்லை. “வாசிக்க வாசிக்க மரம் பழகும்” என்று மெக்கானிக்தான் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்பது வருடங்களுக்கு முன் ஆசை ஆசையாக வைத்திருந்த பைக்கை விற்று, வெளிநாட்டில் வேலையிலிருந்த மைத்துனன் மூலமாக வாங்கிய கிடார் அது. போன மாதம் கால் உடைந்து மெக்கானிக் படுத்திருந்தபோது அதை இந்தக் கடைக்குக் கொண்டு வந்ததும், வேலை முடிந்து வீட்டுக்கு எடுத்துப்போனதும் அதே மைத்துனன்தான்.

வீட்டில் உறையைப் பிரித்து ஒரு தந்தியை மீட்டியதுமே மெக்கானிக்கின் முகம் மாறிவிட்டது. மறுநாள் ஊன்றுகோலோடு கடைக்கு வந்து சண்டை பிடித்தார். விஷயம் பரவியது. ரிப்பேருக்குக் கொடுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து கிடார்களைத் திருப்பி வாங்கிப் போனார்கள். சுவரில் வெறும் கொக்கிகள்தான் மிச்சம்.

உண்மையைத் தெரிந்துகொள்வதற்காக இன்று அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலிருந்து நிபுணர் ஒருவரை மருந்துக்கடைக்காரரும் தபால்காரரும் அழைத்து வந்திருந்தார்கள்.

“விட்டுடுங்க அத்தான், இதுவும் நல்லாத்தானே இருக்கு” என்று மெக்கானிக்கோடு வந்திருந்த மைத்துனன் மெதுவாகச் சொன்னான்.

“உனக்கென்னடா தெரியும்? பதினஞ்சு வருஷப் பழக்கம். நான் படுத்திருந்தப்ப தினமும் வந்து பக்கத்துல உக்காந்திருந்தவரு. இப்படி நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டாரேடா.”

ரிப்பேர்க்காரரின் கை துணியோடு அப்படியே நின்றது.

நிபுணர் சின்ன விளக்கையும் கண்ணாடியையும் கிடாருக்குள் விட்டுப் பார்த்தார். லேபிளிலிருந்த எண்ணைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வரக் காத்திருந்தார். கழுத்து சேருமிடத்தை விரலால் தடவிக்கூடப் பார்த்தார்.

“தயங்காம சொல்லுங்க சார். போலிதானே?” என்றார் மெக்கானிக்.

“மரம், லேபிள், நம்பர் எல்லாம் சரியா இருக்கு. இது எங்க கம்பெனி கிடார்தான். சந்தேகமே வேண்டாம்.”

“அது எப்படி சார்? ஒன்பது வருஷமா என் மடியில இருந்த நாதம் இதுல இல்லையே.”

மருந்துக்கடைக்காரர் தன் கிடாரை உறையிலிருந்து எடுத்து ஒரு தந்தியை மீட்டினார். பிறகு மேஜைமேல் இருந்ததில் அதே தந்தியை மீட்டினார். இரண்டுக்கும் இம்மி வித்தியாசம் இல்லை. தபால்காரர் மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக்குக்கு ஒன்றும் புரியவில்லை.

ரிப்பேர்க்காரர் அப்போதுதான் தலை நிமிர்ந்தார். ஆனால் அவர் பார்த்தது மெக்கானிக்கை அல்ல, மைத்துனனை.

“உனக்குக் குடுத்த வாக்குக்காக என் கடையையே காலி பண்ணிக்கிட்டேன் தம்பி. இனிமே என்னால முடியாது. நீயே சொல்லிடு.”

மைத்துனன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

“உறுத்தல் தாங்காம, அசலை வாங்கி மாத்தி வைக்கச் சொன்னது நான்தான் அத்தான். அன்னைக்கு உங்களுக்கு நான் வாங்கிக் குடுத்ததுதான் போலி.”